பிரவுன்சீ தீவில் எட்டு நாட்கள்

கழுத்துத் துணி அணிந்து, மூன்று விரல் உயர்த்தி உறுதிமொழி ஏற்கும் சாரண மாணவர்களை நம் ஊர்ப் பள்ளிகளில் காண்கிறோம். உலகெங்கும் பரவிய அவ்வியக்கத்திற்கு வித்திட்டது ஒரு சிறிய கோடை முகாமே என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்தினுள் இருப்பது பிரவுன்சீ தீவு. 1907 ஆகஸ்ட் 1 முதல் 8 வரை, பேடன் பவல் என்னும் படைத்தளபதி ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு அங்கு ஒரு சோதனை முகாம் நடத்தினார். செல்வந்தர் பிள்ளைகள் பயிலும் ஈட்டன், ஹாரோ முதலிய பள்ளிகளிலிருந்து சிலரும், பூல், போர்ன்மத் நகரங்களின் உழைக்கும் குடும்பங்களிலிருந்து சிலரும் வந்தனர். கட்டணம் வசதிக்கேற்ப வாங்கப்பட்டது: முன்னவர்க்கு 1 பவுன், பின்னவர்க்கு மூன்றரை ஷில்லிங். முகாமிலோ அந்த வேறுபாடு பாராட்டப்படவில்லை. அனைவரும் கலந்து நான்கு அணிகளாயினர். மூத்த சிறுவர்களே அணிகளை வழிநடத்தினர். காலையில் ஆப்பிரிக்க மானின் கொம்பு ஊதி அவர்களை எழுப்பினர். சமையல், முடிச்சிடல், தடமறிதல், உயிர்காத்தல் ஆகியவை பயிற்றப்பட்டன. அவ்வனுபவத்தின் துணையுடன் 1908-இல் அவர் வெளியிட்ட 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' என்னும் நூல் இயக்கத்தைப் பரப்பியது.

ஆயினும் அந்த இடம் எளிதில் நிலைத்துவிடவில்லை. 1927-இல் தீவை வாங்கிய மேரி போன்ஹாம் கிறிஸ்டி என்னும் பெண்மணி தனிமையை விரும்பியவர். பொதுமக்கள் வரத் தடை விதித்தார். 1930-களில் சாரணர் முகாம்களும் நின்றன. 1934-இல் மூண்ட பெருந்தீ தீவின் பெரும்பகுதியை எரித்தது. 1961-இல் அவர் மறைந்ததும், தீவு கட்டட வணிகர் கைக்குப் போய்விடுமோ என்று சுற்றுவட்டார மக்கள் அஞ்சினர். அவர்கள் வாளாவிருக்கவில்லை, குரல் எழுப்பினர், நிதி திரட்டினர். வாரிசுவரிக்கு ஈடாக அரசிடம் வந்த தீவை 1962-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம் ஏற்றது. 1963-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சாரணர் கூடாரங்களும் மீண்டும் எழுந்தன. 1967-இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2007 ஆகஸ்ட் 1 காலையில், பல நாட்டு இளைஞர் கூடிய நூற்றாண்டு விழாவில், அக்கொம்பு மீண்டும் ஒலித்தது.

ஜமாஅத்தார் சிந்திக்க இதில் இரு செய்திகள் உள்ளன. ஏழை, செல்வர் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்தி, அவர்களை நம்பிப் பொறுப்பளித்தால் எட்டு நாட்களிலும் நல்விதை ஊன்றலாம். அவ்விதை விழுந்த நிலத்தைக் காக்கவோ, ஊரார் உரிய நேரத்தில் ஒன்றுகூட வேண்டும். கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கென எதைத் தொடங்கினாலும், அதைத் தொடர்ந்து பேணும் பொறுப்பையும் அன்றே ஏற்போமாக!