நந்தன் கேட்ட அனுமதி: ஒரு வேண்டுகோளின் பதிவு வரலாறு

சிதம்பரம் ஓமக்குளம், நந்தன் தீயில் இறங்கியதாக ஊரார் சொல்லும் இடம். 1916இல் அங்கே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர், அதற்கு நந்தனார் பெயரையே வைத்தார். தில்லைக் கோயிலுக்குள் வர நந்தன் விடுத்த வேண்டுகோள், ஒலிப்பதிவுக் காலத்தில் குரலும் பொருளும் மாறிவந்த தடத்தையே இக்கட்டுரை தொடர்கிறது.

சேக்கிழாரின் ஆதனூர் நந்தனுக்கு ஆண்டை என்று எவருமில்லை. அனுமதி மறுக்கும் ஆண்டையாக வேதியரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் இருவரிடம் கேட்கிறான்: வயலில் வேதியரிடம், கோயில் எல்லையில் நடராசரிடம். மாஞ்சி ராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ இரண்டாவது வகை. அதன் சரணத்தில் சாதிப் பெயரே வெளிப்படையாக வருகிறது. கேள்வி இறைவனிடம்தான். ஆனாலும் கதாகாலட்சேபத்தில் அதைக் கேட்டவர்கள், சற்று முன்பு வேதியர் பேசிய பேச்சையும் கேட்டிருந்தார்கள். பாட்டின் அரசியல் அந்தத் தொடர்ச்சியில் இருந்தது.

இசைத்தட்டு வந்ததும் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். இரவெல்லாம் நீளும் கதையிலிருந்து பாட்டு மட்டும் பிரிந்து வந்தபோது வேதியர் காணாமல் போனார். உருகும் பக்தன் மட்டும் மிஞ்சினான். கச்சேரி மேடையிலும் இதுவே நடந்தது. தமிழிசை வரலாற்றில் இதைப் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

முழுக்கதையையும் மீண்டும் கொண்டுவந்தது திரைப்படம். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனா’ரில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். ஊதியம் ஒரு லட்ச ரூபாய். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டிப் பழகிய தொண்டை அம்மையாருடையது. அந்தக் குரலில் கெஞ்சல்கூடக் கம்பீரமாகவே எழும்.

ஜெமினியின் ‘நந்தனார்’ வந்தது 1942இல். இடைப்பட்ட காலத்தில், 1939இல், மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்து சட்டமும் பிறந்திருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியின் பாடல்களோடு பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதிய புதிய பாடல்களும் சேர்ந்தன. பாடி நடித்தவர், தேவாரப் பயிற்சியில் ஊறிய எம்.எம். தண்டபாணி தேசிகர். அவர் பாடும்போது வேண்டுகோள் பதிகம்போல் ஒலிக்கிறது. குரலில் கனிவு மிகுதி, சினம் இல்லை. பலருடைய நினைவில் நந்தனின் குரலாக நிலைத்தது இதுவே. நந்தன் வாசலில் நின்ற அதே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தேசிகர் பிற்காலத்தில் தலைமை ஏற்றார்.

1947இல் சென்னை மாகாணச் சட்டம் கோயில் கதவுகளைத் திறந்துவிட்டது. இரண்டே ஆண்டில், ‘நல்லதம்பி’ படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் நந்தனார் கதையைத் தழுவிய ‘கிந்தனார்’ காலட்சேபம் நிகழ்த்தினார். கிந்தன் கேட்பது கோயிலை அன்று, படிப்பை. ரயிலேறிப் பட்டணம் போகிறான். இசைத்தட்டு அறுத்த கதைத் தொடர்ச்சியை என்.எஸ்.கே. காலட்சேப வடிவத்தைக் கொண்டே மீட்டார் என்பதை ஆய்வாளர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். சகஜானந்தர் பள்ளி முன்பே காட்டிய வழிக்குப் பாட்டு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. கானா, பறை, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் கலந்த இசைக்குழு அது. அதில் இசைவாணி பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றியது. நந்தனார் கீர்த்தனையின் நேர் வாரிசு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அதே வாசலில்தான் நிற்கிறது. நந்தன் வரலாமா என்று கேட்டான். இந்தப் பாட்டு, வந்தால் என்ன என்று கேட்கிறது. 1935இல் ஒரு பெண் தன் குரலை நந்தனுக்குக் கொடுத்தார். இங்கே பாடும் பெண், தனக்காகவே கேட்கிறார்.