புடெண்டல் நரம்புவலி: வெட்கத்தின் பெயர் தாங்கிய வலியின் வரலாறு

புடெண்டல் நரம்புவலி என்பது இடுப்பின் அடிப்பகுதியில் நெடுநாள் நீடிக்கும் ஒருவகை நரம்புவலி ஆகும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பும் புடெண்டல் நரம்பு, பிறப்புறுப்பு, ஆசனவாய், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி ஆகியவற்றுக்கு உணர்வைத் தருகிறது. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் தசைகளையும் இயக்குகிறது. இந்நரம்பு அழுத்தப்பட்டால் எரிச்சல், குத்தல், மின்சாரம் பாய்வது போன்ற வலி தோன்றும். ஆண், பெண் இருபாலருக்கும் இது வரலாம்.

'வெட்கப்படு' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து இந்நரம்பின் பெயர் பிறந்தது. நோயாளிகளின் நிலையும் அப்பெயருக்கு ஏற்பவே இருந்துவந்தது. வலி இருக்கும் இடத்தைச் சொல்லக் கூசியே பலர் மருத்துவரை அணுகுவதில்லை.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. 1700இல் வெளிவந்த தம் நூலில் உட்கார்ந்தே உழைப்போரின் நோய்களையும் அவர் எழுதினார். "உன் தொழில் என்ன?" என்று நோயாளியிடம் கேட்க வேண்டும் என வலியுறுத்தியவரும் அவரே.

அக்கேள்வி ஆரணிக்கு நன்கு பொருந்தும். திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள இப்பட்டு நகரில், குழித்தறியில் நெய்பவர் பலகைமேல் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதித்தபடி நாள் முழுவதும் வேலை செய்வார். இவ்வலிக்குத் தறிதான் காரணம் என்று கூற முடியாது. ஆனால் உட்கார்ந்தால் மிகும் வலி, உட்கார்ந்து பிழைப்பவரின் கூலியையே பறித்துவிடும்.

இந்நரம்பு செல்லும் இடுப்புக் குழாயை 1836இல் விவரித்தவர் அயர்லாந்து உடற்கூறியலாளர் பெஞ்சமின் ஆல்காக். அது இன்றும் 'ஆல்காக் குழாய்' எனப்படுகிறது. எனினும் அங்கே நரம்பு நசுங்கி வலி தரும் என்பது தெளிவாக ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1987இல் பிரான்சின் ழெரார் அமரென்கோ குழுவினர், மிதிவண்டி ஓட்டுபவர்களிடம் இந்நரம்பு அழுத்தப்படுவதை விவரித்தனர்.

பிரான்சின் நாந்த் நகர மருத்துவர் குழு வகுத்த ஐந்து அளவுகோல்கள் 2008இல் வெளியாயின. அவை:

1. வலி இந்நரம்பின் எல்லைக்குள் இருத்தல்.
2. உட்காரும்போது மிகுதல்.
3. இரவில் உறக்கத்தைக் கலைக்காமை.
4. சோதிக்கையில் தொடுவுணர்ச்சி குறையாமை.
5. நரம்பருகே மரப்பு ஊசி போட்டால் வலி தணிதல்.

இவற்றில் முதல் மூன்றும் நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் தெரியும். ஸ்கேன் படங்கள் பெரும்பாலும் பிற நோய்களை விலக்கவே உதவுகின்றன.

சிகிச்சை படிப்படியாக நடைபெறும். முதலில் உட்காரும் நேரத்தைக் குறைத்தல், நடுவில் குழிந்த மெத்தை, இறுகிய இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் இயன்முறைப் பயிற்சி, நரம்புவலி மருந்துகள் ஆகியவை. பின்னர் நரம்பருகே ஊசி. பயன் இல்லையெனில் நரம்பை விடுவிக்கும் அறுவை. நாந்த் நகரின் ரோஜே ரோபேர் குழுவினர் 32 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பின் அறுவை செய்துகொண்டோரில் சுமார் 71 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 13 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். எல்லாருக்கும் முழுக் குணம் கிடைப்பதில்லை.

வெட்கத்தின் விலையை இவ்வட்டாரம் முன்பே அறியும். 1890களில் திண்டிவனத்தில், ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்ற வழக்கத்தால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்தனர். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் மருத்துவம் பயின்று, 1900இல் ஆரணிக்கு அண்மையிலுள்ள வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே.

எனவே வலி உள்ளவர், அது எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். அப்பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமற்போனாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம்.