ஜூனியர் லீக்

பெண்கள் சம்பளமின்றி நடத்தும் தொண்டமைப்பு. 1901இல் நியூயார்க்கில் மேரி ஹாரிமன் என்ற 19 வயதுக் கல்லூரி மாணவி தொடங்கினார். ரயில்வே அதிபர் எட்வர்ட் ஹாரிமனின் மகள் அவர். தம்மைப் போன்ற செல்வக் குடும்பத்துப் பெண்கள் சுமார் 80 பேரைத் திரட்டி, அந்நகரின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு உதவ அனுப்பினார்.

எலினோர் ரூஸ்வெல்ட் 1903இல் சேர்ந்தார். அப்பகுதியின் ரிவிங்டன் தெருவில் ஏழைச் சிறுமிகளுக்கு உடற்பயிற்சியும் நடனமும் கற்பித்தார். தம்மை மணக்கவிருந்த ஃபிராங்க்ளினை அங்குள்ள குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். மனிதர் இப்படியும் வாழ்கிறார்களா என்று ஃபிராங்க்ளின் திகைத்துப்போனார். பின்னாளில் அமெரிக்க அதிபரான அவருக்கு வறுமையை நேரில் காட்டியது இந்தத் தொண்டுதான். இந்த அமைப்பின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வைச் சொல்வது கடினம்.

1907இல் பாஸ்டனிலும் 1912இல் கனடாவின் மாண்ட்ரியலிலும் கிளைகள் எழுந்தன. 1921இல் கிளைகளுக்கெனப் பொதுச் சங்கம் உருவானது. நெடுங்காலம் மேட்டுக்குடியினருக்கே உரியதாக இருந்த உறுப்பினர் தகுதி பின்னர் தளர்த்தப்பட்டது; மிகத் தாமதமாக வந்த மாற்றம் இது. இன்று மெக்சிகோவிலும் பிரிட்டனிலும் கிளைகள் உள்ளன.