மகளிர் ஹொக்கி: உலகக் கிண்ணத்துக்கும் ஒலிம்பிக்குக்கும் தகுதிபெறும் முறை

மகளிர் ஹொக்கியில் தகுதிபெறல் என்பது, ஒரு நாட்டின் தேசிய அணி உலகக் கிண்ணத்திலோ ஒலிம்பிக்கிலோ ஆடும் இடத்தைப் பெறுகின்ற ஒழுங்கு. போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமை, கண்டத்தின் சம்பியன் பட்டம், தகுதிகாண் போட்டியில் பெறும் வெற்றி ஆகிய மூன்று வழிகளே இதில் முதன்மையானவை. பார்வைக்கு இவை திறமையை மட்டும் நிறுப்பவை. ஆனால் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம், எந்தத் தளத்தில், யாரோடு கிடைக்கிறது என்பதையும் அவை நிறுப்பது தெரியும். இலங்கை மகளிர் அணி இவ்விரு போட்டிகளிலும் இதுவரை ஆடாததற்கு முதற்காரணம் இதில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் தகுதி என்ற பேச்சே இருக்கவில்லை. 1927 இல் எட்டு நாடுகள் சேர்ந்து அமைத்த பெண்கள் ஹொக்கிச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, 1933 இல் கோபன்ஹேகனிலும் 1936 இல் பிலடெல்பியாவிலும் பெருவிழா எடுத்தது. போர் முடிந்து 1953 இல் இங்கிலாந்திலும் நடத்தியது. வந்த அணிகள் ஒன்றோடொன்று ஆடிவிட்டுத் திரும்பின. கிண்ணம் கொடுக்கப்படவில்லை, யார் முதல் யார் கடைசி என்று எழுதி வைக்கவும் இல்லை. இது அழகான நோக்கம்தான். ஆனாலும் கடல் கடந்து வரும் செலவைத் தாங்கக்கூடிய சங்கங்களுக்கே அந்த விழா எட்டியது. 1924 இல் பரிசில் தொடங்கிய சர்வதேச ஹொக்கி சம்மேளனம் தன் பங்குக்கு 1974 இல் பிரான்சின் மாந்தலியூ நகரில் பெண்களுக்கான போட்டியொன்றை நடத்தியது. வெற்றி தோல்வியை முறையாக வரிசைப்படுத்தியதால் அதையே முதல் உலகக் கிண்ணமாகக் கொள்ள வேண்டும். அங்கே ஆடிய பத்து அணிகளில் ஏழு ஐரோப்பிய அணிகள். ஆர்ஜென்டீனா, மெக்சிகோ, இந்தியா ஆகியவை மற்ற மூன்று. இறுதியாட்டத்தில் நெதர்லாந்து 1-0 என ஆர்ஜென்டீனாவை வென்றது. ஆசியாவிலிருந்து தனியே போன இந்தியா நான்காம் இடம் பெற்றது. மற்றக் கூட்டமைப்பின் பக்கம் நின்ற இங்கிலாந்து 1983 வரை உலகக் கிண்ணத்தில் இறங்கவேயில்லை. எந்தச் சங்கத்தில் இருக்கிறாய் என்பதே அன்று தகுதியாக இருந்தது. இரண்டு அமைப்புகளும் 1980களின் தொடக்கத்தில் ஒன்றான பிறகுதான் எல்லா நாடுகளுக்கும் ஒரே ஏணி வைக்கப்பட்டது.

ஒரு வாய்ப்பு ஓர் அணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு 1980 மொஸ்கோ ஒலிம்பிக் நல்ல சான்று. பெண்கள் ஹொக்கி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட முதல் ஆண்டு அது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் புறக்கணிக்க, வெற்றிடத்தை நிரப்பச் சில வாரங்களுக்கு முன்னர் சிம்பாப்வேக்கு அழைப்புப் போனது. புற்றரையில் பழகிய அந்தப் பெண்கள், செயற்கைத் தளத்தில் ஆடிய அனுபவம் இல்லாமலே போனார்கள். ஆறு அணிகள் மோதிய போட்டியில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், ஆஸ்திரியாவை 4-1 என வென்று தங்கம் எடுத்தார்கள். இந்தியாவுக்கு இங்கேயும் நான்காம் இடம். வலிமையான அணிகள் வராததால் கிடைத்த தங்கம் என்று சொல்பவர்கள் உண்டு. வராதவர்கள் வராதது உண்மை. ஆனால் அழைப்பு வராமலிருந்தால் அந்த அணிக்கு இந்தத் திறமை இருந்ததென்று உலகம் அறிந்திருக்காது என்பதும் உண்மை. அதன் பிறகு சிம்பாப்வே மகளிர் ஒலிம்பிக் ஹொக்கியில் ஆடவில்லை.

ஏணி வைத்த பிறகும் விதி எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலால், பிரான்சில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்கு அமெரிக்க அணியால் உரிய நேரத்தில் போக முடியவில்லை. அங்கே ஏழாம் இடம் பெற்ற இந்தியாவுடன் கடைசி இடத்துக்காக 2002 இல் இங்கிலாந்தின் கனொக் நகரில் தொடர் ஒன்று வைக்கப்பட, அதில் அமெரிக்கா வென்று உலகக் கிண்ணம் போனது. ஆசியச் சம்பியனுக்கான ஒலிம்பிக் இடத்தைத் தீர்மானித்த 2018 ஆசிய விளையாட்டு விழாவில் ஜப்பான் தங்கமும் இந்தியா வெள்ளியும் வென்றன. டோக்கியோ ஒலிம்பிக்கை நடத்தும் நாடாக ஜப்பானுக்கு இடம் ஏற்கெனவே இருந்தது. மிஞ்சிய ஆசிய இடம் இந்தியாவுக்கு வராமல் தகுதிகாண் ஆட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2019 நவம்பரில் புவனேஸ்வரில் அமெரிக்காவை முதல் நாள் 5-1 என வென்ற இந்தியா, மறுநாள் 1-4 எனத் தோற்று, மொத்தம் 6-5 என்ற ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் டோக்கியோவுக்குத் தப்பிப் போனது. அதே அணி அங்கே காலிறுதியில் அவுஸ்திரேலியாவை 1-0 என வீழ்த்தி நான்காம் இடம் பெற்றது. ராஞ்சியில் 2024 ஜனவரி 19 அன்று நடந்தது இதற்கு மறுதலை. ஆறாவது நிமிடத்தில் ஜப்பான் ஒரு கோல் அடித்தது. மீதி ஐம்பத்து நான்கு நிமிடமும் இந்தியா முட்டி மோதியும், கிடைத்த பெனால்டி கோனர்களில் ஒன்றைக்கூடக் கோலாக்க முடியாமல் பரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. சொந்த மண், சொந்த ரசிகர்கள், தரமான தளம் எல்லாம் இருந்த அணிக்கே ஒரு மணித்தியாலத்தில் நான்கு ஆண்டு போய்விடுமென்றால், இவை எதுவும் இல்லாத அணியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

கண்டத்துக்கு ஓர் இடம் என்ற ஒதுக்கீடு தரத்தைக் கெடுக்கிறது என்பது இந்த முறைக்கு எதிராக அடிக்கடி வரும் வாதம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு ஆபிரிக்கச் சம்பியனாகத் தகுதிபெற்ற தென்னாபிரிக்க மகளிரை, அந்த வழி போதாது என்று அவர்களுடைய சொந்த நாட்டு ஒலிம்பிக் குழுவே அனுப்ப மறுத்தது. இடம் ஸ்பெயினுக்குப் போனது. அந்த முடிவு தவறானது. பெரிய அணிகளோடு ஆடாமல் பெரிய அணியாக யாரும் ஆனதில்லை. தரவரிசையும் இதையே சொல்கிறது: 2020 முதல் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் வைத்தே புள்ளிகள் கைமாறுகின்றன. ஆண்டுக்குப் பல சர்வதேச ஆட்டங்கள் கிடைக்கும் நாடு ஏறலாம், கிடைக்காத நாடு நின்ற இடத்திலேயே நிற்கும். 2016 தெற்காசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவிடம் 10-0 எனத் தோற்றது. அந்தப் பத்து கோல்களை வீராங்கனைகளின் குறையாக மட்டும் எழுதி வைப்பது நியாயமில்லை. நீர் தெளித்த செயற்கைத் தளத்தில் பந்து தரையோடு வழுக்கி வரும். மண் மைதானத்தில் அது துள்ளித் திசை மாறும். துள்ளும் பந்துக்குப் பழகிய மணிக்கட்டு, வழுக்கும் பந்துக்குப் பிந்திவிடும். நம் நாட்டின் பெயர்பெற்ற செயற்கைத் தளங்கள் கொழும்பிலும் மாத்தளையிலும் இருக்கின்றன. கிழக்குக் கரையில் பாண்டிருப்பிலோ மருதமுனையிலோ இருந்து மட்டையோடு புறப்படும் பிள்ளைக்கு அங்கே போய்வரப் பஸ்ஸிலேயே பகல் போய்விடும். நம் கரையோர ஊர்களில் உடையும் வழக்கமும் பெண்களைத் தடுக்கின்றன என்ற விளக்கமும் நிற்காது. தலையை மறைத்து ஆடும் வீராங்கனைகளைக் கொண்ட மலேசியா, ஆசியக் கிண்ணத்தில் தொடர்ந்து ஆடுகிறது.

2018 முதல் உலகக் கிண்ணத்தில் 16 அணிகளும், 2008 முதல் ஒலிம்பிக்கில் 12 அணிகளும் ஆடுகின்றன. 2025 ஆசியக் கிண்ணத்தை வென்ற சீனா 2026 உலகக் கிண்ணத்துக்கு நேரே தகுதிபெற்றது. இலங்கைக்கு ஏணியின் முதற்படி ஆசிய ஹொக்கி சம்மேளனக் கிண்ணம். அதில் முன்னுக்கு வந்தால் ஆசியக் கிண்ணம், அதற்குப் பிறகே உலகக் கிண்ணம். அந்த முதற்படியில் கால் வைக்கும் பிள்ளைகளில் கிழக்குக் கரையின் பிள்ளைகளும் இருக்க வேண்டுமென்றால், இங்குள்ள பாடசாலைகளுக்கு மட்டையும் பயிற்றுநரும் ஆண்டு முழுவதும் ஆட்டமும் கொடுக்க விளையாட்டுத்துறையினர் முன்வர வேண்டும்.