ஆளில்லாத மதுரை

1858-ஆம் ஆண்டு, ஜனவரி-பிப்ரவரி. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் மாட்டுவண்டிகளில் பெட்டிபெட்டியாகச் சாமான்களோடு மதுரையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். சிற்பங்களையும் கட்டடங்களையும் ஓவியர்களை வைத்து வரைவதைவிட கேமராவால் பதிவுசெய்வது துல்லியமானது என்று கம்பெனி நினைத்த காலம். அந்தக் கம்பெனி ஆட்சிக்கே அதுதான் கடைசி வருஷம்.

அந்தப் படங்களைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். பெரும்பாலானவற்றில் ஆளே கிடையாது. தூங்கா நகரம்னு பேர் வாங்கின ஊர், ஊரே காலி பண்ணிட்டுப் போன மாதிரி கிடக்கிறது.

பாதிக் காரணம் தொழில்நுட்பம். டிரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ், ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம். முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் பயணத்துக்கு வசதி. ஆனால் ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆகும். நடந்துபோகிறவர் காகிதத்தில் தங்கவே மாட்டார். வானமும் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் நெகட்டிவில் தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்தார். இல்லாத மேகத்தை வரைந்தவருக்கு, இருந்த மனிதர்களைக் கொஞ்சநேரம் அசையாமல் நிற்கச் சொல்லியிருக்க முடியாதா? முடியும். ஆனால் அவருக்கு இடப்பட்ட வேலை கட்டடங்களைப் பதிவுசெய்வது.

அந்தப் படங்களைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் முழுக்க நடந்தேன். கோரிப்பாளையத்திலிருந்து வைகையைத் தாண்ட இன்று ஏ.வி. பாலம் இருக்கிறது. அது 1889-இல் வந்தது. டிரைப்பின் படத்தில் ஆற்றுக்குள் தாழ்வாக ஒரு தரைப்பாலம் மட்டும்தான்.

விளக்குத்தூணில் கூட்டம் நெரிந்தது. ஜவுளிப் பைகளோடு ஜிகர்தண்டா குடிப்பவர்களில் எத்தனை பேர் அந்தத் தூணை அண்ணாந்து பார்க்கிறார்கள்? கலெக்டர் பிளாக்பர்னின் நினைவுச்சின்னம் அது. 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியவிட்டவர் அவர். வெளிவீதிகள் அப்படிப் பிறந்தவைதான். டிரைப் அந்தத் தூணையும் எடுத்திருக்கிறார். அவருக்கு அது புத்தம்புதிய மதுரை. நமக்கு அதுவே பழசு.

அங்கிருந்து மகால் பக்கம்தான். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை, டிரைப் வந்தபோது சிதைந்து கிடந்தது. கவர்னர் நேப்பியர் செப்பனிடத் தொடங்கியது 1860-களில்தான். இன்று நாம் செல்ஃபி எடுக்கும் பளிச்சென்ற தூண்களின் பழைய கோலத்தை அறிய அந்தப் படங்கள் பெரிய ஆதாரம்.

புதுமண்டபத்தில்தான் எனக்கு மனசு கனத்தது. தையல் மிஷின் சத்தமும் புத்தகக் கடைகளுமாக நான் பார்த்து வளர்ந்த இடம். கடைகளை அகற்றிவிட்டார்கள். சிற்பங்கள் மூச்சுவிடுகின்றன, நியாயம்தான். ஆனால் மண்டபம் இப்போது டிரைப்பின் படத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது: தூண்கள், நிழல், ஆளில்லாத தரை.

1859-இல் கவர்னர் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டார். அதற்குள் யானைமலைவரை பதிவாகியிருந்தது. அந்த மலையும் அனேகமாக அப்படியே இருக்கிறது. கல்லுக்குச் சாட்சி இருக்கிறது. வண்டி ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், தூணடியில் உட்கார்ந்து தைத்தவர், இவர்களுக்குத்தான் இல்லை. கேமரா இன்று எல்லார் பையிலும் இருக்கிறது, நொடிக்குள் பதிகிறது. கோபுரம் முழுசாக விழவேண்டுமென்று பூக்கார அக்காவைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகிறோமே, அதற்கு இப்போது எந்தத் தொழில்நுட்பத்தைக் காரணம் சொல்வது?