ழான் ஆல்பேர்: பெண்வழியே ஒரு கொடிவழி

நம் ஆயக்குடியைப் போன்ற பாளையங்களின் வம்சாவளிகளில் பெரும்பாலும் பட்டங்கட்டிய ஆண்களின் பெயர்களே வரிசையாக வரும். பெண் எடுத்த வீடும் கொடுத்த வீடும் அரிதாகவே ஏட்டில் ஏறின. அந்தக் கணக்கில் பார்த்தால் புதுச்சேரி ழான் ஆல்பேர் ஒரு பிரெஞ்சு மருத்துவரின் மகள், ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி; அவ்வளவுதான். பெண்வழியே போனால்தான் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய கர்நாடகப் போர்களின் உள்வீடு தெரிகிறது.

ழான் 1706இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தாய் எலிசபெத் ரோசா தெ காஸ்த்ரோ போர்த்துக்கீசிய, இந்தியக் கலப்பு மரபினர். ழானுக்குத் தமிழ் சரளம். பதின்மூன்று வயதில், 1719இல், வணிகர் வென்சானுக்கு மணமுடித்தார்கள், பதினொரு பிள்ளைகள். 1739இல் வென்சான் இறந்தார். 1741இல் வங்காளத்துச் சந்திரநாகூரில் துய்ப்ளேயை மணந்தார் ழான்; மறு ஆண்டே கணவர் புதுச்சேரி ஆளுநர்.

இனி உறவுகளைக் கவனிக்க வேண்டும். மகள் ஒருத்தி சென்னையில் பார்ன்வால் என்ற வணிகரின் மனைவி. 1746இல் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தபோது எதிரியின் ஊருக்குள்ளேயே மகள் வீடு இருந்தது. ழான் தமிழ் ஒற்றர்களை வைத்து அங்கிருந்து செய்தி திரட்டினார். தங்கை வீட்டுக்காரர் தோத்தேய், 1749 ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையின் தளபதி.

ழானைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி துய்ப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. ஆளுநருக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று பேசுவது துபாஷின் பிழைப்பு. ஆளுநர் மனைவியே தமிழில் பேசி ஆட்களை ஏவினால் துபாஷுக்கு என்ன வேலை? ழான்மேல் பிள்ளை காட்டும் கசப்பில் இதற்கும் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்காக ழானை அப்பழுக்கற்றவர் ஆக்கிவிட முடியாது. 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதில் அவர் கை இருந்தது. பாதிரிமார்களின் நெடுநாள் வற்புறுத்தலும் இருந்தது.

ழான் கடைசியாகப் போட்ட உறவு முடிச்சுதான் பெரியது. ஐதராபாத் நிஜாமையே தாங்கி நின்ற பிரெஞ்சுத் தளபதி பூஸிக்குத் தம் இளைய மகளை நிச்சயித்திருந்தார். 1754இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். குடும்பம் பிரான்சுக்குக் கப்பலேறியது. கல்யாணம் நடக்கவில்லை. 1756இல் ழான் பாரிசில் இறந்தார்.