திரைவாசிப்பான் தமிழ் படித்த வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், பார்வையற்ற படிவம் நான்கு மாணவன் ஒருவனுக்கு இலக்கணப் பயிற்சித் தாளைப் புலனத்தில் அனுப்பினேன். சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்துப் பிள்ளை. திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் கைப்பேசிதான் அவனுக்குப் பாடநூல். மறுநாள், "டீச்சர், நீங்க அனுப்புனது தமிழா?" என்று கேட்டான். நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். நம் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது கைப்பேசிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். எம், கே, கே, எச் என்று ஒப்பித்திருக்கிறது! ஒருங்குறிக்கு மாற்றி அனுப்பிய பிறகுதான் படிக்க முடிந்தது.

அந்தக் கூத்துக்குப் பிறகே இதன் வரலாற்றைத் தேடினேன். 1995-இல் ஜோனதன் டடிங்டன் என்பவர் ஏகார்ன் கணினிக்கு ஒரு சிறு பேச்சு மென்பொருள் எழுதினார். அதுவே பின்னர் 'ஈஸ்பீக்' என்று திறந்த மூலமாக வெளிவந்தது. தமிழும் அதில் சேர்ந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ திரைவாசிப்பானைத் தொடங்கினார். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு வந்தது 2009-இல். இளமையிலேயே பார்வை இழந்த டி.வி. ராமனும் சார்ல்ஸ் சென்னும் கூகுளில் உழைத்ததன் பயனாக ஆண்ட்ராய்டு 1.6-இல் 'டாக்பேக்' இடம்பெற்றது. அதே ஆண்டு ஐபோனிலும் வாய்ஸ்ஓவர் வந்தது. ஆனா தோட்டத்துக் குடும்பம் ஐபோனுக்கு எங்கே போகும்? மலிவான ஆண்ட்ராய்டில், வேறொருவர் எழுதிய குரலையும் நிறுவிக்கொள்ளலாம். ஈஸ்பீக் தமிழ் அப்படித்தான் கைப்பேசிக்குள் நுழைந்தது. பதிவு செய்த மனிதக் குரல் அதில் இல்லை. ஒலியைக் கணக்கிட்டே உருவாக்குவதால் அளவு மிகச் சிறியது, குரலோ இயந்திரக் குரல்.

தமிழாசிரியருக்குச் சுவையான இடம் இனிதான் வருகிறது. பக்கம், தங்கம், மகன் மூன்றிலும் எழுத்து 'க'தான், ஒலி மூன்று. இரட்டித்தால் வல்லொலி, மெல்லினத்தை அடுத்தால் மென்மை, உயிர்களுக்கு இடையில் இன்னும் தளர்வு. நாம் பேச்சில் தன்னால் செய்வதை மென்பொருளுக்கு விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். விதி கொடுத்தாலும் 'கணேசன்', 'பாரதி' போன்ற பெயர்களில் சறுக்கும், ஏனென்றால் சொல்லின் முதலில் வல்லினம் வல்லொலியாகத்தானே வரும்! இந்த முயற்சிக்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. 2001-இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 'திருக்குறள்' என்று பெயரிட்ட தமிழ்ப் பேச்சு மென்பொருளைப் பற்றிக் கட்டுரை படைத்தார்கள்.

இப்போது அதைவிட இனிய குரல்கள் கிடைக்கின்றன. அவனோ பழைய ஈஸ்பீக்கையே வைத்திருக்கிறான். "வேகமா ஓட விட்டாலும் தெளிவா கேக்கும் டீச்சர்" என்கிறான். அவன் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. என் கணினியில் பாமினியில் தட்டிய தாள்களும், படமாக வருடி வைத்த எஸ்.பி.எம். கேள்வித் தாள்களும் இன்னும் கிடக்கின்றன. பள்ளி விடுமுறையில் ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.